உயிரோடு இருப்பவனுக்குத் துக்கப் பூசை

பர்னபாஸ் முதல் பெஞ்சில் உட்கார்ந்துகொண்டு, தன் ஆன்மாவுக்காக நடந்த துக்கப் பூசையைத் தானே கண்டான். இப்படி ஒரு கூத்து பனையடித்துறையில் அதற்கு முன்னால் நடந்ததும் இல்லை, பின்னால் நடந்ததும் இல்லை.

எழுபத்தேழாம் வருசம் நவம்பர் மாதம், ஒரு வெள்ளிக்கிழமை விடியற்காலை. நவம்பர் என்றால் கடற்கரையில் மரித்தோர் மாதம். வீட்டுக்கு வீடு தங்கள் இறந்தவர்களின் பேரைச் சீட்டில் எழுதிக் கோயில் பெட்டியில் போடுவார்கள். நாளுக்கு ஒரு வீடாகக் காலைப் பூசையில் சாமியார் பேரை வாசிப்பார். கோயிலின் நடுவில் தும்பா இருக்கும். பிணப்பெட்டி அளவில் ஒரு வெறும் மரக்கூடு, அதுதான் தும்பா. மேலே கறுப்புத் துணியைப் போர்த்திச் சுற்றிலும் ஆறு மெழுகுதிரி ஏற்றிவிட்டால், உள்ளே நிஜமாகவே ஆள் கிடக்கிறான் என்று சத்தியம் பண்ணலாம்.

அந்தத் தும்பாவுக்கு ஒரு முழம் தள்ளித்தான் பர்னபாஸ் உட்கார்ந்திருந்தான். ஊர்க் கமிட்டித் தலைவன், சங்கு குளிக்கப் போகும் வள்ளம் ஒன்றுக்குச் சொந்தக்காரன், இரண்டு வருசமாக ஒரு நாள்கூடப் பூசை தவறாதவன். ஆகா, எப்பேர்ப்பட்ட பக்திமான் என்று நீங்கள் நினைக்கலாம். கொஞ்சம் பொறுங்கள்.

சாமியார் ஊருக்குப் புதுசு. வந்து மூன்று வாரம்தான் ஆகியிருந்தது. தாமிரபரணிக் கரையில் நெல்வயலுக்கு நடுவே பிறந்து வளர்ந்த மனுசர். இங்கே யார் யாருக்கு என்ன உறவு, யாரோடு யாருக்குப் பேச்சுவார்த்தை இல்லை என்பதெல்லாம் அவருக்கு இன்னும் பிடிபடவில்லை. சாமியாருக்குத் துணையாகக் கோயில் வேலை பார்க்கிற, எல்லாம் தெரிந்த உபதேசியார் காய்ச்சலில் படுத்துவிட்டார். ஆகவே சீட்டில் இருந்ததை இருந்தபடியே வாசித்தார் சாமியார்.

“இன்றைய பூசை, காலஞ்சென்ற பர்னபாஸ் பர்னாந்தின் ஆன்ம இளைப்பாற்றிக்காக ஒப்புக்கொடுக்கப்படுகிறது.”

பர்னபாஸ் முதலில் பின்னால் திரும்பிப் பார்த்தான், வேறு பர்னபாஸ் யாராவது இருக்கிறானா என்று தேடுகிறவன் மாதிரி. பிறகு எழுந்தான்.

“சாமி, பர்னபாஸ் நாந்தான்.”

சாமியார் கண்ணாடியைச் சரிசெய்து சீட்டை மறுபடியும் பார்த்தார். “உங்க அப்பா பேராக இருக்குமோ?”

“எங்க அப்பா பேரு மரியான். இந்த ஊர்ல பர்னபாஸ் நான் ஒருத்தன்தான்.”

பெண்கள் பக்கம் யாரோ சேலை முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு சிரிப்பை அமுக்கினார்கள். கடைசி வரிசையில், தூணுக்குப் பக்கத்தில், ஒருத்தி எழுந்து நின்றாள். அமலோற்பவம். கருவாடு போட்டு விற்கிறவள். ஐம்பது வயசு இருக்கும்; கறுப்புச் சேலை கட்டி இரண்டு வருசம் ஆகப்போகிறது.

“சீட்டு எழுதிப் போட்டது நான்தான் சாமி. நீங்க பூசையை நடத்துங்க. அவன் செத்து ரெண்டு வருசமாச்சு. அங்கன உக்காந்திருக்கது வெறும் உடம்பு.”

இளம் சாமியாருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. தொடங்கின பூசையை நடுவில் நிறுத்தக்கூடாது என்பது மட்டும் அவருக்கு ஞாபகம் இருந்தது. துக்கப் பூசைக்கான பக்கத்தைத் திறந்து வைத்திருந்தார்; பக்கத்தைப் புரட்டி வேறு பூசையாக மாற்றலாம் என்ற யோசனை வரவில்லை. செத்தவனுக்குச் சொல்ல வேண்டிய மன்றாட்டு அத்தனையையும் பர்னபாஸ் பேரைச் சொல்லிச் சொல்லி முடித்தார். கடைசியில் தும்பாவைச் சுற்றி வந்து தீர்த்தம் தெளித்தார். நாலு சொட்டு பர்னபாஸின் வெள்ளைச் சட்டையிலும் விழுந்தது.

பர்னபாஸ் ஓடிப் போயிருக்கலாம். போகவில்லை. எழுந்து போனால் ஊர் சிரிக்கும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தான். ஆனால் வேர்த்துக் கொட்டியது. காரணம் இருக்கிறது. உயிரோடு இருக்கிறவனுக்குத் துக்கப் பூசை வைத்தால் அவன் வருசம் தாண்ட மாட்டான் என்று அந்தக் கரையில் எல்லாருக்கும் தெரியும். சாமியார்கள் அப்படி ஒன்றும் இல்லை என்பார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும். அமலோற்பவம் நம்பினாள், பர்னபாஸும் நம்பினான்.

இப்போது இந்தப் பகை எங்கே பிடித்தது என்று சொல்லிவிடுகிறேன்.

எமர்ஜென்சி வந்த வருசம். கடத்தல்காரர்களைப் பிடிக்கிறோம் என்று கடற்கரை பூராவும் ஜீப் ஓடிய காலம். அமலோற்பவத்தின் புருசன் கயித்தான் ஒரு பச்சைப்பிள்ளை மாதிரி. யார் என்ன கேட்டாலும் கொடுத்துவிட்டு வந்து பெண்டாட்டியிடம் திட்டு வாங்குவார். அவரை அண்ணே அண்ணே என்று சுற்றிக்கொண்டிருந்தவன்தான் இந்தப் பர்னபாஸ். ஒரு நாள் நாலு மூட்டையைக் கொண்டுவந்து, “வலை பின்ன நைலான் நூலுண்ணே. எங்க வீட்டுக் கூரை ஒழுகுது, ரெண்டு நாள் உங்க கொட்டகைல கெடக்கட்டும்” என்றான். கயித்தான் அவிழ்த்துக்கூடப் பார்க்கவில்லை. மூன்றாம் நாள் ஜீப் வந்தது. மூட்டைக்குள் இருந்தது இலங்கையிலிருந்து தோணியில் வந்த வெளிநாட்டுத் துணி.

“பர்னபாஸ் கொண்டுவந்து வச்சது” என்றார் கயித்தான். ஊர் கோயில் வாசலில் கூடியது. பர்னபாஸைக் கூப்பிட்டுக் கேட்டார்கள். அவன் வாசலில் நின்ற சிலுவையில், அந்தக் குருசில் கை வைத்து, அந்த மூட்டைகளை நான் கண்ணால் பார்த்ததில்லை என்று சத்தியம் பண்ணினான். அமலோற்பவம் பத்தடி தூரத்தில் நின்று அந்தக் கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கொஞ்சம்கூட நடுங்கவில்லை அந்தக் கை.

கயித்தான் ஜெயிலுக்குப் போனார். எட்டாம் மாதம் மஞ்சள்காமாலையில் செத்துப்போனார். உடம்பு ஊருக்கு வந்தது. அவர் சூசையப்பர் சபையில் முப்பது வருசம் இருந்தவர். சபைக்காரன் செத்தால் சபையின் வெள்ளிக் குருசு முன்னால் போக வேண்டும், சபைக்காரர்கள் மெழுகுதிரி பிடித்துக்கொண்டு பின்னால் போக வேண்டும். அது முறை. “கடத்தல்காரனுக்குச் சபைக் குருசு கிடையாது” என்று முதலில் வாயைத் திறந்தவன் யார் தெரியுமா? பர்னபாஸ்தான். குருசு இல்லாமல், திரி இல்லாமல், நாலு பேர் தூக்கிக்கொண்டு போய்ப் புதைத்துவிட்டு வந்தார்கள்.

அன்றிலிருந்து அமலோற்பவத்துக்கு ஒரே ஒரு ஆசைதான் மிச்சம். மூட்டை என்னுடையது என்று பர்னபாஸ் ஊர் கேட்கச் சொல்ல வேண்டும். கயித்தான் பேரில் கிடக்கிற அழுக்கு போக வேண்டும். மற்றபடி அவளுக்கு வேறொன்றும் வேண்டாம்.

இந்த ஆசையால் அவளுக்குக் கோயிலும் பாதி மூடிப்போனது. சாமியாரிடம் பாவத்தைச் சொல்லி மன்னிப்பு வாங்குகிற பாவசங்கீர்த்தனத்துக்குப் போனால், “பகையை விட்டியாம்மா?” என்று கேட்பார் பழைய சாமியார். “விடலை” என்பாள். “விட்டுட்டு வா, மன்னிப்புத் தாரேன்” என்பார். மன்னிப்பு வாங்காதவர்கள் நற்கருணை அப்பம் வாங்கக்கூடாது; இரண்டு பாஸ்காத் திருநாள் போய்விட்டது, அவள் நாக்கில் நற்கருணை படவில்லை. தினமும் செபம் சொல்லுவாள். பிறர் குற்றத்தைப் பொறுக்கிறோம் என்கிற இடம் வந்ததும் வாயை இறுக்கி மூடிக்கொள்வாள். ஆண்டவரிடம் பொய் சொல்லுகிற வேலை பர்னபாஸோடு நிற்கட்டும் என்பது அவள் கணக்கு.

சரி, பூசை முடிந்தது. மூன்று பேரும் சாமியார் அறையில் நின்றார்கள்.

“சாமி, மதினி செஞ்சது சாதாரணப் பாவம் இல்லை” என்றான் பர்னபாஸ். “ஞாயித்துக்கிழமை ஊர் முன்னால எங்கிட்ட மன்னிப்புக் கேக்கணும். பேரு மாறி எழுதிட்டேன்னு சொல்லணும்.”

“நான் உங்கிட்ட மன்னிப்புக் கேக்கணுமா? ஏலே, உனக்கு வெக்கம்னு ஒண்ணு இருந்துதா, இல்ல அதையும் எவன் கொட்டகையிலயாவது கொண்டு வச்சிருக்கியா?”

“பாத்தீங்களா சாமி, பாத்தீங்களா?”

சாமியார் அவனை வெளியே அனுப்பிவிட்டு அவளை உட்காரச் சொன்னார். அவள் உட்காரவில்லை. நின்றுகொண்டே கதையைச் சொல்லி முடித்தாள். அவர் பூசைப் புத்தகத்தைத் திறந்து அவள் பக்கம் திருப்பினார்.

“அந்தப் பூசைல என்ன மன்றாட்டு இருக்குன்னு உங்களுக்குத் தெரியுமாம்மா?”

“செத்தவனுக்குச் சொல்லுத மன்றாட்டு. வேற என்ன?”

“இவர் செஞ்ச பாவத்தையெல்லாம் மன்னிச்சு இவரை மோட்சத்துல சேர்த்துக்கிடும்னு ஆண்டவரைக் கெஞ்சுற மன்றாட்டு. அவர் பேரைச் சொல்லி நான் மூணு தடவை கேட்டேன். நீங்க கேக்கச் சொன்னதாலே கேட்டேன். இந்த ஊர்ல அவருக்காக இப்படி யாரும் ஆண்டவர்கிட்ட கேட்டிருக்க மாட்டாங்க.”

அமலோற்பவம் முகத்தில் ஈயாடவில்லை. அவனைக் கொல்லுவதற்கு என்று வைத்த பூசை. அது போய் அவன் பாவத்தைக் கழுவிவிட்டு வந்தால்?

“அதைத் திரும்ப வாங்குங்க” என்றாள்.

“எதை?”

“பூசையை. எனக்கு அது வேணும். திரும்ப வாங்கிக் குடுங்க.”

“பூசையை எப்படிம்மா திரும்ப வாங்க?”

“ஏன், வாங்கினா என்ன? எங்கிட்ட கருவாடு வாங்கிட்டுப் போனவ புழு இருக்குன்னு திரும்பக் கொண்டாந்தா நான் வாங்கிக்கிடுதேன்லா.”

சாமியாருக்குச் சிரிப்பு வந்திருக்க வேண்டும். இருமி மறைத்தார். அது முடியாது என்று மட்டும் சொன்னார். அவள் வீடு போய்ச் சேருகிற வரைக்கும் ஆண்டவரோடு சண்டை போட்டுக்கொண்டே போனாள். கயித்தானுக்கு ஒரு வெள்ளிக் குருசு அனுப்ப உமக்கு வழி தெரியவில்லை, இந்தப் பயலுக்கு என் கையாலேயே மன்னிப்பு வாங்கிக் கொடுத்துவிட்டீரே, இது அடுக்குமா என்று கேட்டாள். எதிரே வந்தவர்கள் ஒதுங்கி வழிவிட்டார்கள்.

ஆனால் அவளுக்கு ஒரு ஆறுதல் திங்கட்கிழமையே வந்து சேர்ந்தது.

அன்று காலை பர்னபாஸ் கரைக்கு வந்தபோது அவனுடைய வள்ளத்துக்காரர்கள் ஆறு பேரும் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்கள். சங்கு குளிக்கிறவர்கள் கடலுக்கடியில் மூச்சை அடக்கிக்கொண்டு மணலைத் தடவுகிறவர்கள். ஒரு நாளைக்கு எத்தனையோ தடவை சாவை எட்டிப் பார்த்துவிட்டு மேலே வருகிறார்கள். சகுனம் பார்க்காமல் அவர்களால் முடியாது. ஆறு பேரில் மூத்தவன் கிளாட்வின். அவன்தான் பேசினான்.

“கோவிச்சுக்கிடாதிய அண்ணாச்சி. பூசை முடிஞ்ச ஆளுகூட எப்படிக் கடலுக்கு வாரது? தும்பால தண்ணி தெளிச்சதை நான் கண்ணால பாத்தேன்.”

பர்னபாஸ் குதித்தான், கத்தினான், வாய்க்கு வந்தபடி ஏசினான். வேறு ஆள் பிடிக்கக் கீழவைப்பார் வரைக்கும் போனான். அவனுக்கு முன்னால் செய்தி போய்விட்டிருந்தது. ஒரு ஊரிலும் ஆள் சிக்கவில்லை. வள்ளம் மணலிலேயே கிடந்தது.

உபதேசியார் காய்ச்சல் தெளிந்து எழுந்ததும் அவரைத் தூது அனுப்பினான். என் அம்மை வழியில் பர்னபாஸ் என்று ஒரு மாமா இருந்தார், அவருக்குத்தான் பூசை என்று மதினி ஒரு வார்த்தை சொன்னால் போதும் என்றான். “மூட்டை யாருதுன்னு அவன் முதல்ல சொல்லட்டும். அந்த நிமிசமே எனக்கு ஒரு மாமா பொறப்பாரு” என்று சொல்லி அனுப்பினாள். மதினி முதலில் சொல்லட்டும் என்று பதில் வந்தது. அவன் முதலில் என்றாள். இப்படியே உபதேசியாரின் செருப்பு தேய்ந்தது.

சும்மா சொல்லக்கூடாது, அந்த நாட்களில் அமலோற்பவத்துக்கு நன்றாகப் பசித்தது. காலையில் கருவாடு காயப்போட வரும்போது அவன் வள்ளத்தைத் தாண்டித்தான் வர வேண்டும். அது கிடக்கிற கிடையைப் பார்த்துவிட்டு வந்தால் இரண்டு வட்டில் சோறு இறங்கியது. இரண்டு வருசமாக அப்படிச் சாப்பிட்டதில்லை.

பதினாறாம் நாள் பிலோமி வந்தாள். கிளாட்வினின் பெண்டாட்டி. இடுப்பில் பிள்ளை, தலையில் எண்ணெய் இல்லை. அமலோற்பவம் மணலில் குனிந்து கருவாட்டைப் புரட்டிப் போட்டுக்கொண்டிருந்தாள்.

“மாமி, உங்க கோவம் அவருமேல. அடுப்பு அணைஞ்சு கெடக்கது எங்க ஆறு வீட்லயும்.”

“வேற வள்ளத்துல போகச் சொல்லு.”

“எந்த வள்ளத்துல இடம் இருக்கு? எல்லாத்துக்கும் ஆள் நெறஞ்சாச்சு. செத்த ஆள் வள்ளத்துல முங்கினவன்னு இவங்களைச் சேக்கவும் பயப்படுதாங்க.”

“ஏளா, நான் ஒரு பூசை வச்சேன்னு அவன் செத்திருவானாக்கும்? உம் புருசனை ஏறச் சொல்லு.”

“சாவான்னு நம்பித்தானே மாமி நீங்க வச்சிய?”

அமலோற்பவம் கையைச் சேலையில் துடைத்தாள். வீட்டுக்குக் கூட்டிப்போய் அரிசி அளந்து கொடுத்தாள். பிலோமி வாங்கிக்கொண்டு வாசலில் நின்றாள். போகவில்லை.

“கயித்தான் மாமா இருந்திருந்தா எறங்கி வந்திருப்பாரு” என்றாள்.

“அவரு எறங்கி எறங்கித்தான் குழிக்குள்ள போனாரு. போளா.”

பிலோமி போய்விட்டாள். அமலோற்பவம் மறுபடியும் கருவாட்டுக்கு வந்தாள். ஒரே மீனை நாலு தடவை புரட்டினாள். அந்தச் சின்னப்பெண் சொன்னது நிஜம், அதுதான் எரிச்சல். ஆறு வீட்டுப் பட்டினி அவள் கணக்கில் இருந்ததில்லை. பர்னபாஸைக் குறிவைத்துப் போட்டது யார் யார் வீட்டு அடுப்பிலோ போய் விழுந்துவிட்டது. அப்படியென்று அவனை விட்டுவிடவா? மன்னித்தேன் என்று ஒரு வார்த்தையைத் தூக்கிப் போட்டால் அவன் மீசையைத் தடவிக்கொண்டு வள்ளத்தில் ஏறுவான். கயித்தான் கடத்தல்காரனாகவே மண்ணுக்குள் கிடப்பார். உச்சி வெயிலில் நின்று அழுதாள். அழுகை அவளுக்குப் பிடிக்காது. மூக்கைச் சிந்திவிட்டு அடுத்த பாயை விரித்தாள்.

அப்போதுதான் அது தோன்றியது. பத்து வயசில் கன்னியாஸ்திரீ கையில் பிரம்போடு நின்று மனப்பாடம் பண்ண வைத்த ஞானோபதேசம். பாவசங்கீர்த்தனத்தில் பாவத்தை இன்னது என்று பேர் சொல்ல வேண்டும். மொத்தமாக, நான் பாவி, மன்னியும் என்றால் செல்லாது. ஒளித்த பாவத்துக்கு மன்னிப்பு இல்லை. அவள் கருவாட்டுக் கையோடேயே சாமியார் குடியிருக்கிற அறைவீட்டுக்கு நடந்தாள். சாமியார் சாப்பிட உட்கார்ந்திருந்தார்.

“சாமி, நாளைக்கு விடியக்காலம் கரைக்கு வாங்க. ஊரையும் வரச் சொல்லுங்க. நான் பர்னபாஸை மன்னிக்கப் போறேன்.”

சாமியாருக்குச் சந்தோசம் தாங்கவில்லை, எழுந்தே விட்டார். பிறகு அவள் கண்ணைப் பார்த்தார். பாதிச் சந்தோசம் அங்கேயே போய்விட்டது.

மறுநாள் ஊர் முழுக்கக் கரையில் நின்றது. வள்ளத்துக்குப் பக்கத்தில் கிளாட்வினும் மற்ற ஐந்து பேரும் தயாராக நின்றார்கள். சூசையப்பர் சபைக்காரர்கள் ஒரு பக்கமாக நின்றார்கள். பர்னபாஸ் சலவை வேட்டி கட்டி வந்தான். பதினேழு நாளில் ஆள் பாதியாக இளைத்திருந்தான். ஆனாலும் முகத்தில் ஒரு களை, கடைசியில் கிழவியை இறக்கிவிட்டேன் பார் என்கிற மாதிரி. அதைப் பார்த்ததும் அமலோற்பவத்துக்கு இன்னும் தெம்பு வந்தது.

அவனுக்கு நேர் எதிரே போய் நின்றாள்.

“எல்லாரும் கேளுங்க. நாலு மூட்டைத் துணியைக் கொண்டாந்து, வலை நூலுன்னு பொய் சொல்லி, எம் புருசன் கொட்டகைல வச்சான் பர்னபாஸ். அதை நான் மன்னிச்சேன். குருசுல கை வச்சுப் பொய்ச் சத்தியம் பண்ணினான். அதையும் மன்னிச்சேன். செய்யாத குத்தத்துக்கு எம் புருசன் ஜெயில்ல கெடந்து செத்தாரு. அவருக்குச் சபைக் குருசு கிடையாதுன்னு முதல் ஆளாச் சொன்னவனும் இவந்தான். அதையும் மன்னிச்சேன். ஆண்டவர் சாட்சி, சாமி சாட்சி.” மூச்சு வாங்கினாள். “வாங்கிக்கிடுதியா?”

பர்னபாஸின் முகத்தில் இருந்த களை போன இடம் தெரியவில்லை.

“என்னத்தை வாங்க?”

“மன்னிப்பை. சும்மா குடுக்கேன். வாங்கிக்கோ.”

“நான் ஒண்ணும் செய்யலையே மதினி.”

“செய்யலைன்னா உனக்கு மன்னிப்பு எதுக்கு? வீட்டுக்குப் போ. வச்ச பூசை வச்சபடி இருக்கட்டும்.”

அவன் சாமியார் பக்கம் திரும்பினான். “சாமி, இது என்ன மன்னிப்பு? ஊர் முன்னால மானத்தை வாங்குறதா மன்னிப்பு? நீங்க சொல்லுங்க.”

சாமியார் எச்சரிக்கையாகத்தான் பேசினார். “அவங்க எதையும் பிடிச்சு வைக்காம எல்லாத்தையும் மன்னிச்சிருக்காங்க. இது மன்னிப்புதான். வாங்குறதும் வாங்காததும் உங்க இஷ்டம்.”

கிளாட்வின் வள்ளத்தின் விளிம்பில் கையை வைத்தபடி நின்றான். தள்ளவில்லை. பர்னபாஸ் அவனைப் பார்த்தான், வள்ளத்தைப் பார்த்தான், ஊரைப் பார்த்தான். ஒருத்தரும் அவனுக்காக வாயைத் திறக்கவில்லை. தோள்கள் இறங்கின.

“மூட்டை என்னுதுதான்” என்றான்.

“சத்தமாச் சொல்லுல, பின்னால இருக்கவங்களுக்குக் கேக்கல” என்றார் சபைக்காரர் ஒருவர்.

“மூட்டை என்னுது.” இந்தத் தடவை எல்லாருக்கும் கேட்டது. “கயித்தான் அண்ணனுக்கு உள்ள என்ன இருக்குன்னே தெரியாது. நான்தான் பொய் சொன்னேன். ஜீப்பைப் பாத்துப் பயந்துட்டேன். அப்புறம் சொன்ன பொய்யை விட முடியல.” அப்படியே ஈர மணலில் மண்டியிட்டான். “வாங்கிக்கிடுதேன் மதினி.”

சபைக்காரர்கள் தலைத்துண்டை எடுத்துவிட்டார்கள். முதலில் ஒருவர், பிறகு எல்லாரும். செத்த அன்றைக்குக் கயித்தானுக்குச் செய்யாத மரியாதை அது. பிலோமி அழுதாள். இந்த நாளைத்தான் அமலோற்பவம் இரண்டு வருசமாகக் கேட்டாள். கிடைத்துவிட்டது. முழுசாகக் கிடைத்துவிட்டது.

ஒன்றை மட்டும் இதுவரை நான் சொல்லவில்லை. அவள் அவனை மன்னிக்க வரவில்லை. மன்னிப்பு என்பதைத் தூண்டிலில் குத்திப் போட்டாள், அவ்வளவுதான். அவன் வாயிலிருந்து நிஜம் வந்ததும், ஊர் பார்க்க அவன் முகத்தில் காறித் துப்பிவிட்டுத் திரும்பி நடக்க வேண்டும். அதுதான் அவள் போட்டு வைத்திருந்த திட்டம். அவன் என்னுது என்று சொன்னபோதே அவள் வாயில் எச்சில் ஊறிவிட்டது.

பர்னபாஸ் தலையைத் தூக்கினான். மூக்கு ஒழுகியது. அழுதால் இவ்வளவு அசிங்கமாக ஆகிற முகம் அவனுக்கு என்று அவளுக்கு அதுவரை தெரியாது. அடித்து விரட்ட வேண்டும் போல இருந்தது. கயித்தான் இருந்தால் ஓடிவந்து தூக்கிவிட்டிருப்பார். அதை நினைக்க இன்னும் ஆத்திரம் வந்தது.

“மதினி,” என்றான். “நெசமாவே குடுத்தியளா? இல்ல, என்னைச் சொல்ல வைக்கதுக்கா?”

அவனுக்குப் புரிந்திருந்தது. கள்ளனுக்குக் கள்ளம் தெரியாமல் போகுமா? ஆனாலும் கேட்டுவிட்டு, பதிலுக்காக அவள் வாயையே பார்த்துக்கொண்டு முட்டிபோட்டிருந்தான். சாமியாரும் பார்த்தார். ஊரும் பார்த்தது. மன்னிச்சேன், மன்னிச்சேன், மன்னிச்சேன் என்று மூன்று தடவை ஆண்டவரைச் சாட்சி வைத்துச் சொன்னது அவள் வாய். அதே வாயால் இப்போது இல்லை என்றால், குருசில் வைத்த அவன் கைக்கும் இவள் வாய்க்கும் என்ன வித்தியாசம்?

அவன் முகத்துக்கென்று வைத்திருந்த எச்சில் வாய் நிறைய நின்றது. அமலோற்பவம் அதை விழுங்கினாள். ஒரே மடக்கில் இறங்கவில்லை. கண்ணில் தண்ணீர் வர, மறுபடியும் விழுங்கினாள்.

“நெசந்தாம்ல” என்றாள். “எந்திரி.”